வீதியை யார் படம் எடுப்பது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதைச் சொன்ன பிறகுதான் மற்றதைப் பேச முடியும்.

மதுரையில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு வட்டத்துக்குக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். நகரத்துக் காலனிகளில் இருந்து சிலர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் சிலர். ஒரு நாள் ஒரு மாணவர் கேட்டார்: "மதுரையப் பத்தி லட்சம் போட்டோ இருக்கு தோழர். கோபுரம் இருக்கு, தெப்பக்குளம் இருக்கு, மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா எல்லாம் இருக்கு. நம்ம தெரு ஒண்ணுகூட இல்லையே?" அந்தக் கேள்வியில் இருந்துதான் வேலை தொடங்கியது. ஆளுக்கொரு செல்போன். ஒருவரிடம் மட்டும் பழைய கேமரா. ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வீதிக்குப் போவது, நடப்பது, எடுப்பது. ஓர் ஆண்டு முடிவில் மதுரையைப் பற்றி எங்கள் கையால் ஒரு படத்தொகுப்பு வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாசி வீதி ஒன்றில் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம், கிளம்பும் தூசி, குனிந்த முதுகு. எடுத்த மாணவருக்கு நல்ல கண். படம் பிரமாதமாக வந்திருந்தது. ஊர் விழிக்கும் முன்னே விழிப்பவர் என்கிற மாதிரி ஒரு வாசகத்தைச் சேர்த்து சமூக வலைதளத்தில் போட்டோம். வாசகம் எழுதியது நாங்கள்தான்; தமிழ் படித்தவர்களுக்கு அந்த ஆசை விடுவதில்லை. இரண்டு நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள்.

அடுத்த வாரம் அந்த அம்மா எங்களைத் தேடி வந்தார். அவருடைய மகள் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. முன்பு ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்த தோழி ஒருத்தி முகத்தை அடையாளம் கண்டு, "இது உங்க அம்மாதானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மகள் ஒரு வாரமாகக் கல்லூரிக்குப் போகவில்லை.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. நம்ம பிள்ளைகதான். ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். படத்தை உடனே நீக்கினோம். எங்கள் பக்கத்தில் இருந்து நீக்கினோம் என்பதுதான் சரி. பகிர்ந்தவர்களின் செல்போன்களில் அது எங்கெங்கே இருக்கிறதோ.

எந்தத் தொழிலும் இழிவில்லை, அந்தப் பெண் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று வாசகர்களில் சிலருக்குத் தோன்றலாம். எங்களில் ஒருவரும் அன்று அப்படித்தான் சொன்னார். மேடையில் நாமெல்லாம் சொல்கிற வாக்கியம் அது. ஆனால் இந்த நாட்டில் துடைப்பத்தைப் பார்த்தவுடன் சாதியைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கோடு வகுப்பறையில் தினமும் உட்கார வேண்டியவர் அந்த மகள். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, சொல்லாமலே இருப்பதா என்பது அவர் முடிவு. அந்த முடிவை எங்கள் படம் அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது. வெட்கப்பட வேண்டியது சமூகம் என்று நாங்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம். அந்த வாரம் வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அவர்தான்.

அதன் பிறகு இரண்டு மாதம் படம் எடுப்பதை நிறுத்தினோம். நம்மை இதுவரை யார் யார் படம் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே, முக்கியமாக மாணவர்களுக்காக, எழுதுகிறோம்.

மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒரு தொகுதி 1858-ல் வெளியானது. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். கோயில், திருமலை நாயக்கர் மகால், மண்டபங்கள், தெப்பக்குளம் எல்லாம் அவர் படங்களில் துல்லியமாக இருக்கின்றன. மனிதர்கள் மட்டும் மிகக் குறைவு. அப்போது மெழுகு ஏற்றிய காகிதத்தில் படம் பதிவார்கள். வெளிச்சம் உள்ளே போக நெடுநேரம் ஆகும். அசையாமல் நின்றவர் பதிவார். நடந்தவர், சுமந்தவர், பெருக்கியவர் பதியமாட்டார். இது அந்தக் கருவியின் குறை. டிரைப் மீது குற்றம் இல்லை. ஆனாலும் எங்களால் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. உழைப்பவர் அசைந்துகொண்டேதானே இருப்பார்? கல் தெரிகிறது, கல்லைச் சுற்றி வேலை பார்த்தவர் தெரியவில்லை. இன்றைக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்கும் கருவி நம் சட்டைப் பையில் இருக்கிறது. அப்படியும் மதுரை என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அதே கல்தான் வருகிறது.

பிறகு மனிதர்களையும் எடுத்தார்கள். எப்படி என்பதுதான் கேள்வி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தமிழ் முதுகலை படிக்கும் மாணவர்கள் எப்படியும் அதைப் புரட்டியிருப்பீர்கள். மூக்கை அளந்தார், தலையை அளந்தார், நிற்க வைத்துப் படம் எடுத்தார். படத்துக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கும். நிற்பவரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அந்தப் பக்கங்களில் இருக்கலாம். யார் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் படங்களில் நம் மக்கள் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் நிற்பதைப் பார்த்தால், அது அவர்கள் வழக்கம், அந்தக் காலமே அப்படித்தான் என்று நினைத்துவிடுவோம். 1930-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்ததும், அடுத்த ஆண்டு அவற்றைப் பதினொன்றாக நீட்டியதும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் எழுதியிருக்கிறார். அண்ணல் அம்பேத்கரும் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. தங்க, வெள்ளி நகை கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சட்டையில்லாத உடம்பு மட்டும்தான் படத்தில் இருக்கும். போடாதே என்று சொன்னவன் இருக்கமாட்டான். படத்தால் காட்ட முடியாத அந்த ஆளை எழுத்தால்தான் காட்ட முடியும். எங்கள் வட்டத்தில் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பையும் படத்துக்குச் சமமான வேலையாக எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான்.

வீதிப் புகைப்படக் கலை என்று சொல்லும்போது மற்றவர்களுக்கு வீதி ஒரு காட்சிப் பொருள். நமக்கு அது வாங்கிய உரிமை. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் யாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று சென்னை சட்டமன்ற மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறியது 1924-ல். நூறு ஆண்டுதான் ஆகிறது. அதே ஆண்டில்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோர் வைத்தியநாத ஐயருடன் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. நடப்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் தேவைப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் அதே வீதியில் கேமராவோடு நின்று, எதைப் படம் எடுப்பது என்று யோசிக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் பிரச்சினை, அதாவது துடைப்பம் பிடித்த ஒருவரை எப்படி எடுப்பது என்ற பிரச்சினை, எண்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒருவருக்கு வந்தது. கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர். பதினைந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அடகுக் கடையில் வாங்கிய கேமராவில் தானே தொழில் கற்றவர். 1942-ல் வாஷிங்டன் நகரில் அரசின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தார். அதன் தலைவர் ராய் ஸ்டிரைக்கர் முதல் நாளே அவருடைய கேமராவை வாங்கி வைத்துக்கொண்டார். கடைக்குப் போய் ஒரு கோட்டு வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார், பிறகு வா என்று அனுப்பினார். பார்க்ஸ் போனார். கடையில் கோட்டுக் கொடுக்கவில்லை, ஓட்டலில் உட்கார விடவில்லை, தியேட்டரில் சேர்க்கவில்லை. அமெரிக்கத் தலைநகர் எப்படிப்பட்டது என்று கேமரா இல்லாமலே தெரிந்துகொண்டு திரும்பினார்.

கோபத்தோடு வந்தவருக்கு, அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த எல்லா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்ணோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. பேசினார், கதையைக் கேட்டார். பிறகு அமெரிக்கக் கொடியின் முன்னால் ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் தரை துடைக்கும் மாப்புமாக அவரை நிற்க வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எல்லோரும் பேசுவது அந்த ஒரு படத்தைத்தான். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்தது. பார்க்ஸ் அதோடு விடவில்லை. வாரக்கணக்கில் அவருடைய வீட்டுக்குப் போனார். பேரப்பிள்ளைகளோடு அவர் இருப்பதை, வழிபடுவதை, கடைக்குப் போவதை, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை எடுத்தார். துடைப்பத்தில் தொடங்கி மனுஷியிடம் போய்ச் சேர்ந்தார். படத்தில் இருப்பவரின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. தர்ஸ்டன் படங்களில் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. மும்பையின் துப்புரவுத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்த சுதாரக் ஓல்வே 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம் மதுரைக்காரர் எம். பழனிகுமார், மீன் விற்ற அம்மாவின் பிள்ளை. திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராக வேலை செய்தவர். தூய்மைப் பணியாளர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து எடுத்தவர். சொந்த அம்மாவையும் படம் எடுத்து எழுதியிருக்கிறார். தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்து எடுக்கவும் கற்றுக்கொடுக்கிறார். இது நமக்கு எட்டாத கலை என்று இனி எந்த மாணவரும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். இதுதான் வழி என்று இல்லை.

முதல் இரண்டு வாரம் கேமரா, செல்போன் எதையும் எடுக்காதீர்கள். ஸ்டிரைக்கர் சொன்னதுபோல நடந்து மட்டும் பாருங்கள். எந்தக் கடையில் நம்மை உட்காரச் சொல்கிறார்கள், எங்கே நின்றால் யார் முறைக்கிறார்கள், எந்தச் சந்தில் நம் கால் தானாக வேகம் பிடிக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கால் வேகம் பிடிக்கும் இடம்தான் நல்ல படம் இருக்கும் இடம் என்று எங்கள் மாணவி ஒருவர் சொன்னார். பெண்பிள்ளைகளின் நோட்டும் ஆண்பிள்ளைகளின் நோட்டும் ஒரே வீதிக்கு வேறு வேறாக இருந்தன.

ஊர் முழுவதையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் அது வசதி. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கின்றன. வெளி வீதி, பழைய கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ஓராண்டு திரும்பத் திரும்பப் போகலாம். பொழுதாகப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது. தமிழ் மாணவர்களுக்கு இதற்கு வெளியே முன்மாதிரி தேட வேண்டாம். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடி. இந்த ஊரைப் பகலில் நாளங்காடியாகவும், மாலையில் அல்லங்காடியாகவும், இரவை யாமம் யாமமாகவும், விடியல் வரைக்கும் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோன அந்தப் பாட்டை நாங்கள் வேலைத் திட்டமாக வைத்துக்கொண்டோம். விடியல் ஒருவருக்கு, உச்சிவெயில் ஒருவருக்கு, நள்ளிரவு காய்கறி லாரி வரும் நேரம் இருவருக்கு.

எல்லோரும் எடுக்கும் நேரத்துக்கு அடுத்த நேரத்தைப் பிடியுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் படம் எத்தனை லட்சம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் வைகையின் படம் எத்தனை இருக்கும்? செருப்புகள், பிளாஸ்டிக் பைகள், உடைந்த நீர் பீய்ச்சிகள், அவற்றை அள்ளும் கைகள். அழகர் வண்டியூருக்குப் போய்விடுவார். அள்ளுகிறவர் ஆற்றிலேயே நிற்பார். அந்தக் காலையை இந்த ஆண்டு எடுத்தோம். அந்தத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து டீ குடித்த பிறகுதான் எடுத்தோம். எங்கள் தொகுப்பில் எங்களுக்கே பிடித்த படங்கள் அவை.

நம் துன்பத்தை மட்டும் எடுக்காதீர்கள். இதில் எங்கள் வட்டத்திலேயே சண்டை உண்டு. கஷ்டத்தைக் காட்டாவிட்டால் அரசியல் எங்கே என்பது ஒரு கட்சி. நியாயம்தான். ஆனால் ஓர் ஆண்டுப் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது நம் மக்கள் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்பதை ஒரு மாணவிதான் கண்டுபிடித்தார். "எங்க தெருவுல தினமும் சிரிப்பாங்க தோழர்" என்றார். ஏப்ரல் 14 அன்று காலனி முகப்பில் நீலக் கொடி கட்டி, அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு, புதுச் சட்டையோடு பறையடிக்கும் பையன்கள் எங்கே? மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அக்கா எங்கே? சடங்கு வீட்டுப் பந்தல் எங்கே? அதற்குப் பிறகு அந்தப் படங்களையும் எடுக்கத் தொடங்கினோம். சட்டை போடாதே என்று சொல்லப்பட்ட மக்களின் பேரன் பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு பைக் மேல் சாய்ந்து எடுத்துக்கொள்ளும் படத்தைப் பார்த்து இனி யாரும் கேலி செய்யாதீர்கள். அதில் எவ்வளவு பெரிய செய்தி இருக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

கிராமத்து வாசகர்கள் இதெல்லாம் நகரத்துக்காரர்களுக்கு என்று நினைக்கலாம். ஊர்த்தெருவில் செல்போனைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும். எங்கள் மாணவர் ஒருவர் சொந்தக் கிராமத்தில் டீக்கடையை எடுக்கப் போய், போனைப் பிடுங்கி எல்லாப் படங்களையும் அழித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். தனியாகப் போகாதீர்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் அது இல்லை. நம் காலனியில் இருந்து தொடங்குங்கள். தண்ணீர்க் குழாய், பஸ் நிற்காத நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை. ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு படம். முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிப்போகும் பாதையை மூன்று ஆண்டு தேதியோடு எடுத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துப் பாருங்கள். வெறும் மனுவை வாங்கி வைப்பதுபோல அதை வைத்துவிட முடியாது. உத்தபுரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவர், ஒரு பகுதி இடிக்கப்பட்ட 2008 மே 6 வரை ஏறத்தாழ இருபது ஆண்டு நின்றது. வெளியில் இருந்து கேமராக்கள் வந்தது கடைசியில்தான். அத்தனை ஆண்டும் அந்தச் சுவரைத் தினமும் பார்த்தவர்கள் உள்ளூர் மக்கள். இன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது.

படம் சாட்சியாக வேண்டுமென்றால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். செல்போனில் எடுத்த மூலப் படத்தை அழிக்கக் கூடாது. தேதியும் நேரமும் அதற்குள் பதிவாகியிருக்கும். இருப்பிட வசதியை இயக்கியிருந்தால் இடமும் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் போய்விடும், தரமும் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவை. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு. வழக்கறிஞர் தோழர் யாரையாவது கேட்டால் சொல்வார்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்தில் இருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில். ஆனாலும் அப்படி யாரும் இறங்கவில்லை என்று சொல்வதற்கு எப்போதும் ஒருவர் இருப்பார். அந்த இடத்தில் தேதியுள்ள ஒரு படம் பேசும். அப்போதும் இறந்தவரின் முகத்தையும், பாதிக்கப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் பகிராதீர்கள். சாட்சி நீதிமன்றத்துக்கு, ஸ்டேட்டஸுக்கு இல்லை.

கடைசியாக, படத்தைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்தவுடன் திரையில் காட்டுவதோடு நிறுத்தாமல், ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, தேடிப்போய்க் கையில் கொடுங்கள். ஒரு பிரிண்டுக்கு டீ, வடைக்காகும் செலவுதான் ஆகும். எங்கள் பழக்கத்தில் பிரிண்ட் கொடுத்த நாளில்தான் பெயரையும், வெளியிடலாமா என்பதையும் கேட்கிறோம். கையில் படத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர் தெளிவாகப் பதில் சொல்வார். வேண்டாம் என்றவர்கள் உண்டு. நல்ல நல்ல படங்கள் அப்படிப் பெட்டிக்குள் போயிருக்கின்றன. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த அம்மாவிடம் திரும்பப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். படம் எடுத்த மாணவர் அழுதுவிட்டார். "விடுப்பா" என்று சொல்லிவிட்டு அவரே ஒரு யோசனை சொன்னார்: "எடுக்கணும்னா சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. குளிச்சு, நல்ல சீல கட்டி, பூ வச்சிட்டு நிக்கிறேன். ஒரு தடவையாச்சும் வெளக்கமாறு இல்லாம எடுங்க." போனோம். எங்கே உட்கார வேண்டும், சுவரில் உள்ள கணவரின் படம் தெரிய வேண்டுமா, பேரன் மடியிலா பக்கத்திலா என்று எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்தார். நாங்கள் பொத்தானை அழுத்தினோம், அவ்வளவுதான். பெரிய அளவில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து கொடுத்தோம். அவர் வீட்டுச் சுவருக்காக எடுத்த படம் என்பதால் இந்தப் பத்தியோடு அது வராது.

சில மாதம் கழித்து, வேலை செய்வதையும் எடுக்கச் சொன்னார். முகம் தெரியக் கூடாது, கை மட்டும். "கீழ எழுதுறப்ப ஒப்பந்தக்காரர் கையுறை குடுக்கலைன்னு சேத்து எழுதுங்க." அப்படியே எழுதினோம். அந்த வரியைப் போல ஒன்றை இத்தனை நாள் தமிழ் படித்த நாங்கள் எழுதியதில்லை.

மகள் படிப்பை முடித்துவிட்டார். எங்களோடு பேசுவதில்லை. அந்த மாலை அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். படத்துக்கு வா என்று அம்மா ஒரு முறை கூப்பிட்டார், அவர் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம்.